அயலவன் நிற்கும் இடம்

அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருக்கிறது. வரிசை நகரும்போது அம்மா ஓரடி வைக்கிறாள், நானும் வைக்கிறேன், அந்த இடமும் எங்களோடு ஓரடி நகர்கிறது. பள்ளிக்கூடத்து விறாந்தையில் மற்ற எல்லோரும் முதுகில் மூச்சுப் படும்படி நெருங்கி நிற்கிறார்கள். எனக்குப் பின்னால் நிற்கும் புவனேஸ் மாமி ஏற்கெனவே என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டாள். "என்ன பிள்ளை, கொம்மாவோட கோவமே? கிட்டப் போய் நில்லன். வெயில் என்ர மண்டையில நிக்குது." நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா திரும்பாமலே சொன்னாள். "இதில ஒராள் நிக்கிறார் மாமி. இப்ப வந்திடுவார்." கடைக்குப் போனவருக்கு, தண்ணீர் குடிக்கப் போனவருக்கு இடம் பிடித்துவைப்பது போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மாமியும் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்தாள். "ஆரெண்டாலும் கெதியா வரச் சொல்லு. வாக்குப் பெட்டியை மூடினாப் பிறகு வந்து என்ன செய்யிறது?" யாரோ சிரித்தார்கள். நான் அந்தக் காலி இடத்தின் சீமெந்துத் தரையைப் பார்த்தேன். அதில் பிள்ளைகள் கெந்தி விளையாட வெண்கட்டியால் கீறிய கோடு அரைவாசி அழிந்து கிடந்தது. ஒருவரும் அதை மிதிக்கவில்லை. முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் அதே இடத்தை மிதித்துத்தானே போயிருக்க வேண்டும்? இப்போது மட்டும் ஏன் எல்லோருடைய கால்களும் அதைச் சுற்றிப் போகின்றன? இல்லை, யாரும் சுற்றிப் போகவில்லை, நான்தான் அப்படிப் பார்க்கிறேன். வரிசை என்றால் ஒருவர் பின் ஒருவர். நான் அந்த இடத்துக்குப் பின்னால் நிற்கிறேன், அவ்வளவுதான். அந்த இடத்தின் முதுகு எனக்குத் தெரிகிறது என்று நினைக்கக் கூடாது.

அம்மா இடம் பிடித்து வைத்திருப்பது அப்பாவுக்கு. அப்பாவை ஒரு விடியப்புறம் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்காத வயதில். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்களாம். அப்பா குடியியல் படிப்பித்த வாத்தியார், ஞானசேகரம் மாஸ்டர் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியும். அதற்குப் பிறகு அம்மா எந்தத் தேர்தலுக்கும் வாக்குப் போட வரவில்லை. வீட்டுக்கு வந்து கும்பிட்டவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து, "அவர் வரட்டும், வந்தாப் பிறகு ரெண்டு பேருமா வந்து போடுறம்" என்று அனுப்பிவிடுவாள். இன்றைக்கு விடிய எழும்பித் தலைக்கு முழுகி, அலுமாரியில் பூச்சி உருண்டை மணத்தோடு கிடந்த ஊதாச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு என்னை எழுப்பினாள். "வெளிக்கிடு, வதனி. யாப்புக்கு ஓமெண்டு போட வேணும்." அந்தச் சேலை இப்போது என் கண்ணுக்கு முன்னால், அந்த இடத்துக்கு அப்பால், மடிப்பு மடிப்பாக நிற்கிறது. இந்த வாக்கெடுப்பில் ஓமென்று போட அம்மாவைச் சம்மதிக்கவைத்தது அயலவன். புதிய அரசியல் யாப்பை ஏன் நாம் ஏற்க வேண்டும் என்று திங்கட்கிழமைதோறும் பத்திரிகையில் எழுதுகிறவர். பேர் மட்டும்தான், படம் இல்லை, ஊர் இல்லை. அயலவன் அப்பாதான் என்று அம்மா நினைக்கிறாள். எங்கேயோ உயிரோடு ஒளித்திருந்து எழுதுகிறார், யாப்பு வென்றால் இனிப் பயமில்லை என்று வெளியே வருவார், ஒருவேளை வாக்குப் போடவே வந்துவிடுவார். அயலவன் நான். முழுவதும் நான் இல்லை, மூன்று பேர். ஆனால் அம்மா எந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஊதாச் சேலையை எடுத்தாளோ, அது நான். இதை இன்னும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. முன்னால் நிற்கும் தலைகளை எண்ணப் பார்க்கிறேன், எண்ணிக்கை தவறுகிறது. அவ்வளவு நேரம்தான் இருக்கிறது.

சட்டத்தரணி அருளம்பலம் ஐயாதான் இதைத் தொடங்கியவர். அவரும் பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிப்பிக்கிற நிமலராஜன் சேரும் எழுதுவார்கள், நான் எழுத்துப் பிழை பார்க்கப் போனேன். வகுப்பில் ஒரு கேள்விக்கும் கையை உயர்த்தாத எனக்குப் பிழை பார்ப்பது வசதியான வேலை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. பிறகு ஒருநாள் ஐயா, "நீ ஒண்டு எழுதன் பிள்ளை" என்றார். ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் அறுத்துத் தைக்க வேண்டும், எந்த வரி எவருடையது என்று எங்களுக்கே தெரியக் கூடாது, அதுதான் ஒப்பந்தம். தெரிந்தால் யாராவது வாசலுக்கு வருவார்கள் என்ற பயமும் இருந்தது. யாரை நினைத்து எழுதுவது என்று கேட்டேன். "ஊரை நினைச்சு எழுதாத. ஊருக்குக் காதில்லை. இல்லை எண்டு சொல்லுற ஒரே ஒரு ஆளை நினைச்சு எழுது. அந்த ஆள் தலையாட்டுமட்டும் விடாத." எனக்குத் தெரிந்து இல்லை என்று சொல்லுகிற ஆள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பேன். பிடிச்சுக்கொண்டு போற ஆளை நீதவானிட்டக் காட்டித்தான் ஆகவேணுமாம் அம்மா, புது யாப்பில இருக்காம். அம்மா துருவலைவிட்டு நிமிராமல், "காட்டாட்டி ஆர் கேக்கிறது?" என்பாள். நான் அறைக்குள் போய், காட்டாவிட்டால் யார் கேட்பார் என்று கேட்கிறீர்கள், நியாயமான கேள்வி என்று எழுதுவேன். அடுத்த நாள், அவசரகாலமெண்டு சொல்லிப்போட்டா என்ன செய்வை என்பாள். அதையும் எழுதி அதற்கும் பதில் எழுதுவேன். அம்மாவின் பயங்களை ஒவ்வொன்றாகக் களவெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டுச் செய்து, பத்திரிகை வழியாக அவளுக்கே திருப்பி அனுப்பினேன். கைதியை நீதவானிடம் காட்டச் சொல்லும் அந்த உறுப்புரையின் கடைசியில், பாராளுமன்றம் வேறுவிதமாக விதித்தாலன்றி என்று ஒன்று இருக்கிறது. அதை நான் பார்த்தேன். அதைக் கட்டுரையின் நடுவில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பந்தியில் வைத்து, இப்படி ஒரு விலக்கு இல்லாத யாப்பு உலகில் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டேன். நம்பித்தான் எழுதினேனா? எழுதும்போது நம்பினேன். எழுதும்போது எல்லாவற்றையும் நம்புகிறேன்.

"கைதியெண்டவன் பிடிச்சவன்ர சொத்தில்லை. அயலவன் என்ன சொல்லுறார்?" வரிசையில் மூன்று நான்கு பேருக்கு முன்னால் நிற்கிற, பல்லில்லாத பெரியவர் பக்கத்தில் நிற்பவனுக்குப் படிப்பிக்கிறார். "பொழுது சாயமுந்தி நீதவானுக்கு முகத்தைக் காட்டவேணும். உயிரோட, நேரில, முகத்தை." உயிரோடு, நேரில், முகத்தை. காற்புள்ளி எங்கே வருகிறதோ அங்கே மூச்சு விடுகிறார். அந்தக் காற்புள்ளிகளை நான் இரண்டு தரம் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பக்கத்தில் நிற்பவன் ஓட்டோக்காரன், காக்கிச் சட்டை. "அயலவன் சொல்லுவார் அப்பு. அயலவனைப் பிடிச்சா ஆர் காட்டுறது? முதல்ல அந்தாளே முகத்தைக் காட்டேல்லையே." பெரியவர் சிரித்தார், வாயின் உட்பக்கம் இருட்டாக இருந்தது. இப்படித்தான் சில வாரங்களாக நடக்கிறது. பஸ்ஸில், தபாற்கந்தோரில், முகம் தெரியாத வாய்கள் என் வசனத்தைச் சொல்லுகின்றன. முதல்தரம் கேட்டபோது உடம்பெல்லாம் சூடாகிச் சந்தோசமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஒரு சத்தமும் போடாமல் அறைக்குள் வைத்த ஒன்று, நான் இல்லாத நேரம் எழும்பி வீடு வீடாகப் போய் வந்திருக்கிறது, அதன் கால் நனைந்திருக்கிறது. யன்னலுக்கு உள்ளே சிறுவர் வகுப்பின் களிமண் மிருகங்கள் காயவைத்திருக்கின்றன. ஆனை, முயல், இன்னதென்று தெரியாத ஒன்று. எதற்கும் கண் வைக்கவில்லை. எல்லாம் வாசல் பக்கம் திரும்பி நிற்கின்றன.

போன திங்கட்கிழமை அம்மா பத்திரிகையை மேசையில் விரித்துவைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "கதவைச் சாத்திப்போட்டு வா" என்றாள். சாத்தினேன். "ஒருத்தருக்கும் சொல்லாத. கொப்பா உயிரோட இருக்கிறார்." எனக்கு விளங்கவில்லை. விரலால் ஒரு வரியைக் காட்டினாள். பின்கதவால் போகிறவனோடு சட்டம் கூடப் போகாது, முன்கதவைத் திறந்து நிற்பவனோடுதான் அது நிற்கும். என் வரி. மற்ற இருவரும் கை வைக்காமல் விட்ட வரி. நிமலராஜன் சேர் ஓரத்தில் நல்லது என்றுகூட எழுதியிருந்தார். அம்மா மிகவும் மெதுவாக, சுவருக்குக் கேட்டுவிடும் என்பதுபோலச் சொன்னாள். அந்த விடியப்புறம் நாய்கள் குலைக்கத் தொடங்கியதும் அவள் குசினிக்குள் ஓடிப் பின்கதவுக் கொண்டியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். போங்கோ, வேலியால் போங்கோ என்று கெஞ்சினாளாம். அப்பா குசினி வாசலில் நின்று சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "பின்கதவால போறவனோட சட்டம் கூடப் போகாது, முன்கதவைத் திறந்து நிண்டாத்தான் அது நிக்கும்" என்றாராம். சொல்லிவிட்டு முன்பக்கம் போனாராம். "அந்தக் கதையை நான் ஒரு சீவனுக்கும் சொன்னதில்லை. பொலிசில கேக்கேக்க சொல்லேல்லை, காணாமல் போனவையின்ர கொமிசனில சொல்லேல்லை. சொன்னா, இவள் பிடிச்சு நிப்பாட்டியிருக்கலாமே எண்டுதானே சொல்லுவினம். அந்த வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தான். நீ நித்திரை. அவரைத் தவிர வேற ஆர் இதை எழுதேலும்?" அம்மாவின் முகத்தில் நான் ஒருநாளும் பார்க்காத ஒன்று இருந்தது. இளமை என்றால் அதுதான் போலும். நான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வரியை எப்போது எழுதினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைத்து நினைத்துப் பார்த்து அந்த இடம் தேய்ந்துவிட்டது. கட்டுரையின் அந்தப் பந்தியில் ஒரு வசனம் குறைந்தது. யன்னலுக்கு வெளியே பப்பாசி மரம். பேனையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது வசனம் வந்துவிட்டது, முழுதாக, ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லாமல். அப்படி வருகிற வசனங்களுக்காகத்தான் நான் எழுதுகிறேன், அவை என்னுடையவை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அப்பாவின் குரல் எனக்கு ஞாபகம் இல்லை. படத்தில் இருக்கிற மீசை தெரியும், சேட்டுப் பையில் பேனை தெரியும். குரல் இல்லை. நீ நித்திரை, சாமியே வந்தாலும் எழும்பாத நித்திரை என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அது அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், பிள்ளை ஒன்றையும் காணவில்லை. நானும் அந்த நித்திரையை என் ஞாபகமாகவே வைத்திருந்தேன். என் பாய் முன் அறையில் இருந்தது, வாசலோடு, அங்கேதான் காற்று வரும். பாய் விளிம்பு கன்னத்தில் குத்தும். அந்தக் குத்தல் ஞாபகம் இருக்கிறது. கண் மூடியிருந்ததும் ஞாபகம் இருக்கிறது. நித்திரை கொள்ளுகிறவருக்குத் தன் கண் மூடியிருந்தது ஞாபகம் இருக்குமா? வேறு எத்தனை வசனங்கள் அப்படி வந்தவை? நான் யோசித்து எழுதியவை என்று எவற்றைச் சொல்லுவேன்? எனக்குள் யாரோ பாயில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள், இத்தனை வருசமும், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒருவரும் தன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் ஒன்றும் சொல்லாமல்.

அம்மா நிமிர்ந்தாள். படலைக்குள்ளால் ஒருவர் வருகிறார், வெள்ளைச் சேட்டு, சற்றுச் சரிந்த தோள், வெயில் பின்னால் இருப்பதால் முகம் இல்லை. அம்மாவின் கை தானாகப் பின்னுக்கு வந்து காலியாக இருக்கும் இடத்தின் காற்றைத் தொட்டது, யாரையோ இருக்கச் சொல்லுவது போல. நானும் நுனிக்காலில் எழும்பிப் பார்த்தேன். எழுதினது நான் என்று தெரிந்த நானும். அந்த மனிதர் விறாந்தை நிழலுக்குள் வந்ததும் முகம் வந்தது, சங்கக் கடை மனேச்சர், கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். அம்மா கையை எடுக்கவில்லை. "வெயிலுக்கை வரமாட்டார்" என்றாள், தனக்குத்தானே. "வெயில் தாழத்தான் வருவார்." அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது. நாளைக்கு யாப்பு வென்றுவிடும், எல்லோரும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். அம்மா படலையைத் திறந்துவைப்பாள். வெயில் தாழும். அடுத்த நாளும் தாழும். அவர் ஏன் வரவில்லை என்பதற்கு அம்மா காரணம் தேடுவாள், நான் திங்கட்கிழமைக்குக் கட்டுரை எழுதாமல் விட்டால் அவரைத் திரும்பவும் பிடித்துவிட்டார்கள் என்பாள், எழுதினால் இருக்கிறார் என்பாள். நான் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவை உயிரோடு வைத்திருக்க ஒவ்வொரு கிழமையும் அப்பாவாக எழுத வேண்டும், என்னுடைய கை நரைக்கும்வரை. சொன்னால் அம்மாவுக்கு அவர் இன்றைக்குத்தான் சாவார், இந்த விறாந்தையில், ஊதாச் சேலையோடு. சொல்லாவிட்டால் அவள் எதற்கு இல்லை என்று இவ்வளவு காலம் சொன்னாளோ அதற்கே, செத்த ஒருவரின் பேச்சைக் கேட்டு, ஓமென்று போட்டுவிட்டு வருவாள். அவளைத் தலையாட்ட வைத்தவள் நான். வாசல் கிட்ட வந்துவிட்டது. உள்ளே ஒருவர் பேர்களை உரக்கக் கூப்பிடுவது கேட்கிறது, கூப்பிட்ட ஒவ்வொரு பேருக்கும் ஒருவர் ஓம் என்கிறார்.

காலை எடுத்து வைத்தேன். அந்த இடத்துக்குள். அங்கே வெயில் இல்லை, குளிராகவும் இல்லை, ஒன்றும் இல்லை, அம்மாவின் சேலையில் பூச்சி உருண்டை மணம் மட்டும். அவர் வந்துவிட்டார் என்று நினைத்து அம்மா திரும்பினாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"அம்மா, அதை எழுதினது நான்."

"எதை?"

"அயலவன் எண்டு எழுதுறது. நாங்கள் மூண்டு பேர் எழுதுறம். பின்கதவுக் கட்டுரை நான் எழுதினது."

புவனேஸ் மாமி கழுத்தை நீட்டினாள். அம்மா என் கையைப் பிடித்து வரிசையைவிட்டு விலகி, யன்னலோரம் வந்தாள். "நீங்கள் போங்கோ மாமி" என்றாள். மாமி போனாள். இன்னொருவர் போனார். அம்மா கோபிக்கவில்லை. ஒரு கணக்கைத் திரும்பச் செய்து பார்ப்பவள் போல நெற்றி சுருங்கியிருந்தது.

"அந்த வரியும் நீயோ?"

"ஓம்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

 "அப்ப நீ அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லை" என்றாள் அம்மா. நான் தலை குனிந்தேன். அம்மாவின் பிடி இறுகியது, வளையல் என் எலும்பில் பட்டது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவளுக்கு வேறொன்று வேண்டியிருந்தது, இப்போது, இந்த இடத்தில், என்னிடம். "நான் குசினியுக்கை நிண்டனான். கொண்டியைப் பிடிச்சபடி. அவர் முன்னுக்குப் போய்க் கதவைத் திறந்தது கேட்டது. பிறகு என்னவோ சொன்னவர். கடைசியா. எனக்கு விளங்கேல்லை, நாய் குலைச்சது. உன்ர பாய் வாசலோட." குரலைத் தாழ்த்தினாள். "என்ன சொன்னவர் பிள்ளை?"

அயலவனுக்கு உடனே ஒரு வசனம் வந்தது. முழுதாக, அழகாக, சட்டத்தைப் பற்றியும் நாளையைப் பற்றியும், அம்மா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒன்று. அதை நாக்குவரை கொண்டுவந்துவிட்டேன். அவள் தலையாட்டுவாள் என்றும் தெரிந்தது. அதை விழுங்கினேன். விழுங்கியதற்குக் கீழே பாய் விளிம்பு இருந்தது, சீமெந்தில் ரோர்ச் வெளிச்சம், சேற்றுச் சப்பாத்துகள், அவற்றுக்கு நடுவே வெறும் கால் இரண்டு. கால்கள் என் பக்கம் திரும்பின. நான் கண்ணை இறுக மூடினேன்.

"கதவைச் சாத்துங்கோ, பிள்ளை முழிச்சிருக்கு எண்டவர்."

"ஆருக்கு?"

"வந்தவைக்கு."

அது நடந்ததா, நான் எழுதினேனா, எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதில் யாரையும் நம்பவைக்க ஒன்றும் இல்லை, அது மட்டும் தெரிந்தது. அம்மா உதட்டை அசைத்து ஒருதரம் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். இடையில் இடம் விடாமல் பின்னால் போனேன். உள்ளே மேசையில் இருந்த இளம் உத்தியோகத்தர் வாக்காளர் இடாப்பில் அடிமட்டத்தை வைத்து எங்கள் வீட்டைத் தேடிப் பிடித்தார். "இந்த வீட்டில முதல் பேர் முத்துவேலு ஞானசேகரம்" என்று உரக்கப் படித்தார். சுவரோரம் இருந்த கட்சி முகவர்கள் தங்கள் தாள்களில் விரலை ஓட்டினார்கள். யாரும் ஓம் என்று சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா பிறகு வருவாரோ அம்மா?"

"வரமாட்டார்" என்றாள் அம்மா. "அடுத்த பேர் என்ர. அதைப் படியுங்கோ."

அவர் படித்தார். அம்மா ஓம் என்றாள். விரலில் மை வாங்கிக்கொண்டு, தாளோடு காட்போட் மறைப்புக்குப் பின்னால் போய் நின்றாள். அதற்குக் கீழே ஊதாச் சேலையின் கரையும் பாதமும் மட்டும் தெரிந்தன. நெடுநேரம் அவை அசையவில்லை. ஓமா இல்லையா, எந்தப் பக்கம் கீறுவாள் என்று எனக்குள் ஒரு குரலும் சொல்லவில்லை. உத்தியோகத்தர் அடிமட்டத்தை ஒரு வரி கீழே நகர்த்தி, என் பேரைக் கூப்பிட்டார்.